லேசர் என்று சொல்லும்போது தழும்பையும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

“இன்னொரு தடவை லேசர் வச்சா இந்தத் தழும்பு போயிடுமா?” தொண்டையில் ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். நான் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட். கேள்வி என்னவோ உங்களுக்கானது. ஆனால் வெளியே டோக்கன் நம்பர் எண்பதைத் தாண்டிக் கொண்டிருக்கும்போது உங்கள் முன்னால் அதைக் கேட்க அவர்களுக்கு வாய் வருவதில்லை. என் அறையில் முக்கால் மணி நேரம் உட்கார முடிகிறது, அதனால் இங்கே கேட்கிறார்கள். “போகாதுங்க” என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கும் மனசு வருவதில்லை. சுற்றிவளைத்து நான் சொல்லும் பதிலில் பாதிக்கு மேல், ஆபரேஷனுக்கு முன்பே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியது. அதற்காகத்தான் இந்த மடல்.

லேசர் வேண்டாம் என்று கொடிபிடிக்க நான் வரவில்லை. குரல்வளையில் பாப்பிலோமா என்ற மரு முளைத்து மூச்சுத் திணறும் குழந்தைகளை அந்தக் கதிர் எத்தனை முறை காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆரம்ப நிலையில் இருக்கும் குரல் நாண் புற்றுநோயை, கழுத்தைத் திறக்காமல் வாய் வழியாகவே எடுத்துவிட்டு, மறுவாரம் நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். தைராய்டு ஆபரேஷனில் நரம்பு போய், இரண்டு நாண்களும் நடுவிலேயே நின்றுவிட்டவர்கள் கழுத்தில் ட்யூபோடு வருவார்கள். ஒரு நாணின் பின்பகுதியை லேசரால் கொஞ்சம் வெட்டி வழிவிட்டதும் ட்யூப் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார்கள். அங்கெல்லாம் உயிரா குரலா என்றால் உயிர்தான். குரல் கொஞ்சம் கரகரத்தால் யாரும் வருத்தப்படப் போவதில்லை.

நான் பேசுவது வேறு கூட்டத்தைப் பற்றி. உயிருக்கு ஆபத்தில்லை, குரலுக்காக மட்டுமே ஆபரேஷன் டேபிளில் படுத்தவர்கள். டீச்சர்கள், ஓதுவார்கள், கூத்துக் கலைஞர்கள், கச்சேரிப் பாடகர்கள், கால் சென்டர் பிள்ளைகள். குரல் சரியாக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வந்தவருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு குரல்தான் இல்லை என்றால் அதை என்ன கணக்கில் எழுதுவது?

சமீபத்தில் வந்த ஒரு தொடக்கப் பள்ளி டீச்சரைச் சொல்கிறேன். ஊர், பெயர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம். இரண்டாம் வகுப்பு எடுப்பவர். ‘எண்ணும் எழுத்தும்’ வந்த 2022-லிருந்து பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பு முழுக்கக் குரல்தான் முதலீடு. பல மாதமாகத் தொண்டைக் கம்மல் இருந்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக், அப்புறம் வயிற்று அமில மாத்திரை, அப்புறம் மிளகும் பனங்கற்கண்டும், அப்புறம் ஒரு விளம்பரம்: ‘வலியில்லை, ரத்தமில்லை, அன்றே வீடு திரும்பலாம், லேசர்!’ போனார். செய்துகொண்டார். அவர்கள் சொன்னபடி வலியும் இல்லை, ரத்தமும் இல்லை, அன்றே வீட்டுக்கும் வந்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த டிஸ்சார்ஜ் தாளில் ‘மைக்ரோ லாரிஞ்சியல் சர்ஜரி, லேசர் எக்ஸிஷன், ஒரு வாரம் வாய்ஸ் ரெஸ்ட்’ (நுண்ணோக்கி வைத்துக் குரல்வளையில் ஆபரேஷன், லேசரால் வெட்டி எடுத்தது, ஒரு வாரம் பேசாமல் ஓய்வு) என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எந்த லேசர்? எத்தனை வாட்? எந்த அடுக்கு வரை போனீர்கள்? இரண்டு பக்கமுமா? பயாப்ஸி என்ன சொன்னது? ஒன்றும் இல்லை. ஒரே மூச்சில் ‘ஆ’ பிடிக்கச் சொன்னேன். ஆறாவது விநாடியில் காற்று தீர்ந்துவிட்டது. அவர் வயதில் பதினைந்து விநாடியாவது நிற்க வேண்டும். நாணின் அதிர்வை மெதுவாக ஓடும் அலையாகக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பில் பார்த்தபோது வலது நாணில் அலை ஓடியது. இடது நாண் வெள்ளையாக, விறைப்பாக, அசையாமல் கிடந்தது. வலது பக்கம் அலை வந்து வந்து மோதுகிறது, இடது பக்கம் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. நடுவில் இருந்த மெல்லிய இடைவெளி வழியாகக் காற்று சீறிக்கொண்டு போனது. அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, “அந்தப் பக்கம் செத்துப்போச்சா சார்?” என்றார்.

சாகவில்லை. தழும்பு விழுந்திருக்கிறது. இதை உங்களுக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், ஆனாலும் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறவர்களில் நோயாளிகளும் இருப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் குருமே பல்கலைக்கழகத்தில் இருந்த மினோரு ஹிரானோ 1974-இல் எழுதியதுதான் இன்றுவரை நம் எல்லோருக்கும் அடிப்படை. குரல் நாண் என்பது ஒரே சதைத் துண்டு கிடையாது, அடுக்கடுக்கானது. அடியில் தசை. மேலே மெல்லிய தோல். இரண்டுக்கும் நடுவில் மூன்று அடுக்குகள். அதில் மேல் அடுக்கு கிட்டத்தட்டக் கூழ். தடிமன் அரை மில்லிமீட்டர்கூட வராது. பேசும்போது ஆணுக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்ணுக்கு இருநூறு தடவை அளவிலும் நாண் அதிர்வது அந்தக் கூழ் அடுக்கு தசையைவிட்டு விலகி வழுக்கி ஓடுவதால்தான். அந்த இடத்தில் புண்ணாகி ஆறினால், கூழ் இருந்த இடத்தில் நார் விழுகிறது. கொலாஜன் என்ற நார்ப்புரதம் கூடுகிறது, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹயலுரோனிக் அமிலம் குறைகிறது, தோல் தசையோடு ஒட்டிக்கொள்கிறது. பட்டுத் துணியில் ஃபெவிகால் கொட்டிக் காய்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், துணி கிழியவில்லை, ஆனால் அங்கே அது மடியாது. உடம்பில் வேறெங்கே இவ்வளவு சின்னத் தழும்பு விழுந்தாலும் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே விழுந்தால் வேலை போகிறது.

லேசருக்கும் தழும்புக்கும் உள்ள உறவு இங்கேதான் சிக்கலாகிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். நம் ஊர்க்காரர் ஒருவர் என்று நான் வகுப்பெடுக்கும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வேன். பாஸ்டனில் ஸ்ட்ராங், ஜாக்கோ என்ற இரண்டு மருத்துவர்களும் அதைக் குரல்வளையில் பயன்படுத்திய அனுபவத்தை 1972-இல் எழுதினார்கள். 10.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளம், அதைத் தண்ணீர் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். திசுவில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் பட்ட இடம் ஆவியாகிறது, சின்ன ரத்தக் குழாய்கள் உடனே அடைபடுகின்றன. ‘ரத்தமில்லை’ என்ற விளம்பர வரி பிறந்தது அப்படித்தான். ஆனால் வெட்டுவது வெப்பம். வெப்பம் வெட்டிய கோட்டோடு நிற்பதில்லை. கருவியையும் கையையும் பொறுத்துச் சில பத்து மைக்ரானிலிருந்து சில நூறு மைக்ரான் வரை பக்கத்துத் திசு வேகிறது. கூழ் அடுக்கின் மொத்தத் தடிமனே சில நூறு மைக்ரான்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கதிரை நுண்புள்ளியாகக் குவிக்கும் நல்ல மைக்ரோஸ்பாட் கருவி, விட்டுவிட்டுப் பாயும் கதிர், பழகிய கை இருந்தால் லேசரும் கத்தியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. நான் மறுக்கவில்லை. அந்த வாக்கியத்தின் முதல் பாதியைத்தான் கேட்கிறேன்: கருவி எது, கை யாருடையது? சாதாரண பாலிப்பையோ (சதை வளர்ச்சி) சிஸ்ட்டையோ (தோலுக்கடியில் வரும் பை போன்ற கட்டி) சின்ன கத்தரியாலும் நுண்ணிய கொக்கியாலும் தோலைப் பிரித்து எடுக்கத் தெரிந்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதைப் பார்த்து நான் வாயடைத்துப் போயிருக்கிறேன். ஆனால் நோயாளிக்குக் கத்தி என்றால் பழசு, லேசர் என்றால் புதுசு. இந்த எண்ணத்தை அவர்கள் தாமாக வளர்த்துக்கொள்ளவில்லை. மருத்துவர் விளம்பரம் செய்து நோயாளியை அழைக்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் சொல்கின்றன. அதனால் மருத்துவர் செய்வதில்லை, அவர் பெயரைப் போட்டு ஆஸ்பத்திரி செய்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. லேசர் என்ற ஒரே பெயரில் பல கருவிகள் ஓடுகின்றன. பச்சை நிறக் கே.டி.பி. லேசர் 532 நானோமீட்டர், பல்ஸ்டு டை லேசர் 585. இரண்டும் தண்ணீரை விட்டுவிட்டு ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைக் குறிவைப்பவை. மேல்தோலை அதிகம் கெடுக்காமல் அடியில் இருக்கும் குழாயைச் சுருக்கும். பாஸ்டனில் ஸ்டீவன் ஸைடல்ஸ் போன்ற அறுவை மருத்துவர்கள் இதைப் பாடகர்களுக்குப் பயன்படுத்திப் பெயர் வாங்கினார்கள். 2011-இல் பாடகி அடேலுக்கு நாணில் ரத்தக் கசிவும் பாலிப்பும் வந்தபோது ஸைடல்ஸ்தான் லேசரால் எடுத்தார். மூன்று மாதத்தில், 2012 பிப்ரவரியில், கிராமி மேடையில் பாடி ஆறு விருது வாங்கினார் அடேல். அந்தச் செய்தியைக் காட்டி என்னிடம் நம்பிக்கை கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அதற்குப் பதினான்கு ஆண்டு முன்பு, 1997-இல், நாண் ஆபரேஷன் செய்துகொண்ட ஆங்கிலப் பாடகியும் நடிகையுமான ஜூலி ஆண்ட்ரூஸ் பாடும் குரலை இழந்தார். 1999-இல் வழக்குப் போட்டார், 2000-இல் சமரசம் ஆனது, குரல் திரும்பவில்லை. காசு, புகழ், நல்ல மருத்துவம் எதிலும் குறை இல்லாதவர். விளம்பரத்தில் முதல் கதை மட்டும் வரும்.

தழும்புக்கே லேசர் வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் சொன்ன கேள்வி அதுதான். முகத்துத் தழும்பில் பல்ஸ்டு டை லேசர் ஓரளவு பலன் தருவதைப் பார்த்து, குரல் நாணிலும் முயன்றிருக்கிறார்கள். நியூயார்க்கில் செய்து 2008-இல் வெளியிட்ட முதற்கட்ட ஆய்வில் முன்னேற்றம் தெரிந்தது. மிகச் சில நோயாளிகள்தான். பலருக்கு அலை கொஞ்சம் திரும்புகிறது, முழுக்கத் திரும்புவதில்லை. ஸ்டீராய்டு ஊசி, கொழுப்பு அல்லது ஹயலுரோனிக் அமிலத்தை நாணுக்குள் செலுத்தி இடைவெளியை அடைப்பது, ஜப்பானில் வளர்ச்சிக் காரணிப் புரதத்தை ஊசியாகப் போட்டுப் பார்ப்பது என்று பல கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூழ் அடுக்குக்கு மாற்றாக ஒரு ஜெல் செய்யும் முயற்சி பாஸ்டனில் பல ஆண்டுகளாக நடக்கிறது. பழைய அடுக்கைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சை என்று கைநீட்டிக் காட்ட இன்று எதுவும் இல்லை. இது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, கார்பன் டை ஆக்சைடு லேசரால் விழுந்த தழும்பை அதே லேசரால் ‘சுத்தம் செய்து’ அனுப்பிய இரண்டாவது ஆபரேஷன் தாள்களை நான் ஏன் பார்க்க வேண்டியிருக்கிறது? அதுவும் முதல் ஆபரேஷன் முடிந்து மூன்றே மாதத்தில்? நாண் ஆறி, நார் இளகி, ஒரு நிலைக்கு வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதானே.

நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை இல்லை, ஒன்றைத் தவிர. அது ஸ்ட்ரோபோஸ்கோப். சாதாரண எண்டோஸ்கோப்பில் நாண் திறப்பதும் மூடுவதும் தெரியும், அலை தெரியாது. அலை தெரியாமல், காய்ப்புபோல வரும் முடிச்சையும் சிஸ்ட்டையும், சிஸ்ட்டையும் பழைய தழும்பையும் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் கேட்பார்கள், நான் கேட்டால் கோப்பில் போடுவார்கள். இல்லாத ஊரில் இருப்பவர்கள், குரலுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷன் என்றால், கத்தி வைக்குமுன் பக்கத்து ஊருக்கு அனுப்பி ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு பஸ் டிக்கெட் செலவு.

அடுத்தது எங்களைப் பற்றி. கம்மல் நான்கு வாரத்துக்கு மேல் போனால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும், பார்க்காமல் ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ அமில மாத்திரையோ வழக்கமாகக் கொடுக்கக் கூடாது, சரிசெய்யக்கூடியதாக இருந்தால் குரல் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊரில் நோயாளி என்னிடம் வந்து சேரும்போது எல்லா மாத்திரையும் முடிந்து, ஆபரேஷனும் முடிந்திருக்கும். முடிச்சு இருப்பவர்களுக்கு முதல் சிகிச்சையே பயிற்சிதான். நாணின் முன் மூன்றில் ஒரு பங்கும் நடுப் பங்கும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் எதிரெதிரே மேடு தட்டியிருப்பது கத்திப் பேசிப் பேசி வந்த காய்ப்பு. அதை மட்டும் வெட்டிவிட்டுக் கத்தும் பழக்கத்தை விட்டுவைத்தால் மறுபடி வரும். அப்போது மறுபடி லேசர். ஒவ்வொரு சுற்றிலும் கூழ் அடுக்கு கொஞ்சம் குறையும்.

அந்தப் பழக்கத்தை விடச் சொல்வது எளிதில்லை என்பதும் உண்மை. அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றவர்கள் 28.8 சதவீதம். நீண்டகாலக் குரல் கோளாறு போலந்தில் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. இங்கே மின்விசிறிச் சத்தம், தகரக் கூரை, பக்கத்து வகுப்போடு ஒரு பாதித் தடுப்பு, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு. தெருவில் பழம் விற்கும் தம்பி தன் குரலை ஒருமுறை பதிவுசெய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டு நிம்மதியாகத் தராசைப் பிடிக்கிறார். நம் பள்ளிக் கல்வித் துறைக்கு அந்த யோசனை இன்னும் வரவில்லை. இடுப்பில் மாட்டும் மைக் ஒன்று ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் சொன்னால் “பிள்ளைங்க சிரிப்பாங்க சார்” என்கிறார்கள். நீங்கள் உங்கள் மருந்துச் சீட்டில் எழுதித் தந்தால் தலைமை ஆசிரியரிடம் காட்டி வாங்குவார்கள். டாக்டர் கையெழுத்துக்கு இருக்கும் மரியாதை அப்படி.

கச்சேரி செய்பவர்கள் இன்னொரு ரகம். மார்கழியில் தொண்டை கட்டினால் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்டீராய்டு ஊசி, அன்று சாயங்காலம் மேடை. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நான்கரைக்கு இறங்கிவிட்டதைச் சபைக்குத் தெரியாமல் ராகத் தேர்வில் மறைப்பார். வீக்கம் வடிந்த நாணில், உடையத் தயாராக இருக்கும் ரத்தக் குழாயோடு, மேல் ஸ்தாயியில் அழுத்தினால் கசிவு வரும், கசிவு ஆறினால் தழும்பு வரும். ஊசி கேட்டு வருபவரிடம் முதலில் எண்டோஸ்கோப் குழலைச் செலுத்தி நாணைப் பாருங்கள் என்பதற்கு மேல் நான் என்ன சொல்ல? ரத்தச் சிவப்பு தெரிந்தால் கச்சேரி கிடையாது என்று சொல்லும் துணிவு உங்களுக்குத்தான் உண்டு. எங்கள் பேச்சை வித்வான்கள் கேட்பதில்லை.

சம்மதப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுத வேண்டியிருக்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: என்ன செய்யப்போகிறோம், எதற்காக, வேறு வழி என்ன, முக்கியமான ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரிந்த பிறகு வாங்குவதுதான் சம்மதம். அந்த டீச்சர் கையெழுத்துப் போட்டது ஆங்கிலத்தில் அச்சடித்த, மூலநோய்க்கும் குடலிறக்கத்துக்கும் கூடப் பொருந்தும் ஒரு பொதுப் பத்திரம். மயக்க மருந்தின் ஆபத்து அதில் இருந்தது. லேசர் என்பதால் மூச்சுக்குழாய் ட்யூபில் தீப்பிடிக்கும் அபாயம்கூட அடைப்புக்குறிக்குள் இருந்தது. அதைத் தவிர்க்க நீங்கள் ஆக்சிஜனைக் குறைத்து, ட்யூபின் பலூனில் காற்றுக்குப் பதில் உப்புநீர் ஏற்றி, கண்ணில் ஈரப்பஞ்சு வைத்து எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று அறிவேன். அபூர்வமாகவே வரும் தீக்கு ஒரு வரி இருக்கும்போது, குரலுக்காக வந்தவருக்குக் குரல் போகலாம் என்பதற்கு ஒரு வரி இல்லாமல் போனது எப்படி?

தமிழில் நான்கு வரி போதும். “நாணில் தழும்பு விழலாம். விழுந்தால் குரல் இப்போது இருப்பதைவிட மோசமாகலாம். அதை முழுமையாகச் சரிசெய்யும் வழி இன்று இல்லை. பயிற்சி மட்டும் எடுத்துப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.” இதைப் படித்துவிட்டுப் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள் என்று ஒரு டாக்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஓடுபவர்கள் ஓடட்டும். அவர்களில் பலருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காது.

கூடவே, ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியின் குரலைப் பதிவுசெய்து வையுங்கள். ஸ்டூடியோ வேண்டாம், உங்கள் ஜூனியர் கையில் இருக்கும் போன் போதும். ‘ஆ’ ஒரு மூச்சு, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிக்கை, செய்தித்தாளில் ஒரு பத்தி. ஒரு நிமிஷ வேலை. பிறகு “முன்னாடி நல்லா இருந்துச்சு, இப்போ கெட்டுப்போச்சு” என்று யாராவது சண்டைக்கு வந்தால் இரண்டையும் போட்டுக் காட்டலாம். அது உங்களையும் காக்கும். பல சமயம் முன்பே குரல் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை அவர்களே மறந்திருப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் தாளில் எந்த லேசர், எத்தனை வாட், எந்த அடுக்கு, எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்தால் எனக்குப் பாதி நாள் மிச்சம். இரண்டு நாண்களின் முன்முனையையும் ஒரே நாளில் உரித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வலை விழும் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். அந்த வலையோடு வருபவரின் தாளில் முன்முனை என்ற சொல்லே இல்லாவிட்டால் நான் யாரைக் கேட்பது?

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் பேசாதே, அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்புகிறீர்கள். பேசாமல் இருக்கச் சொன்னதும் அவர்கள் கிசுகிசுக்க ஆரம்பிக்கிறார்கள், தொண்டையைச் செருமுகிறார்கள், அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. கியோட்டோவில் செய்து 2017-இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவினரை மூன்று நாள், இன்னொரு பிரிவினரை ஏழு நாள் பேசாமல் வைத்து, இருவருக்கும் பிறகு பயிற்சி கொடுத்தார்கள். மூன்று நாள் பிரிவுக்குத்தான் குரலும் அலையும் நன்றாகத் திரும்பின. ஆறும் திசுவுக்கு மெல்லிய, அளவான அதிர்வு தேவைப்படுகிறது. அந்த அளவைச் சொல்லித்தர ஆள் வேண்டும். காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவியை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பொருத்துகிறோம். பொருத்தியதோடு விட்டால் குழந்தை பேசாது என்று தெரிந்துதான் பயிற்சியையும் அதோடு சேர்த்தார்கள். காதுக்கு வந்த அந்த ஞானம் குரலுக்கு வரவில்லை. உங்கள் சங்கம் வாய்திறந்து கேட்டால், மைக்ரோ லாரிஞ்சியல் சர்ஜரிக்கான தொகையோடு சில வாரப் பயிற்சியையும் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை.

தழும்போடு வருபவர்களுக்கு நான் என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் கிண்டலாகவும். பாதி தண்ணீர் ஊற்றிய பாட்டில், அதில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு ஸ்ட்ரா. உதட்டைக் குவித்து அதில் ‘ஊ’ என்று ஊதச் சொல்வேன். தண்ணீர் குமிழ் விடும், முதல் நாள் எல்லோருக்கும் சிரிப்பு வரும். ஆனால் குழாயில் காற்று தடைபட்டு ஒரு எதிர் அழுத்தம் உள்ளே திரும்பிப் போய், நாண்களை மெதுவாக விலக்கிப் பிடிக்கிறது. கடிக்காமல், மோதாமல் அதிர அவை பழகுகின்றன. அந்த டீச்சர் இரண்டாவது வாரம் ஊதிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “இங்க அதிருது சார்” என்றார். அதுவரை எல்லா அழுத்தமும் கழுத்திலேயே இருந்தது. இடது நாண் இன்றும் விறைப்பாகத்தான் இருக்கிறது. மிச்சம் இருக்கும் ஒன்றரை நாணை வைத்துக்கொண்டு, கழுத்தை நெரிக்காமல், இடுப்பு மைக்கோடு மதியம் வரை வகுப்பெடுக்கிறார். பாட்டை மட்டும் போனில் போடுகிறார். ‘ஆ’ பத்து விநாடி நிற்கிறது. நாணுக்குள் ஊசி போட்டு இடைவெளியை அடைக்கலாமா என்று அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம்தான் அனுப்பப்போகிறேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இப்போ அவசரப்படாதீங்க, இன்னும் நாலு மாசம் போகட்டும்” என்று சொன்னால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடும்.

ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். பிரேசில் மருத்துவர்கள் 1999-இல் தொடங்கியது, இப்போது நம் ஊரிலும் பேனர் கட்டி முகாம் வைக்கிறோம். அன்று இலவசமாக எண்டோஸ்கோப் பார்த்து, கட்டி இருப்பவர்களுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. வரும் முகாமில் தேதி கொடுக்கும் மேசைக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மேசை போடுங்கள். முடிச்சு என்று எழுதிய சீட்டெல்லாம் முதலில் அங்கே வரட்டும், எட்டு வாரம் பயிற்சிக்குப் பிறகும் குறையாதவர்களை நாங்களே உங்களிடம் அனுப்புகிறோம். குரல் பதிவையும் அந்த மேசையிலேயே எடுத்துவிடலாம். இன்னொன்று: முகாமைச் சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள். ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு நடக்கும், மற்ற நாட்களில் டீச்சர்களால் வர முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ஓ.பி.க்கு அடுத்த அறையில் இருக்கும்
ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்